சைடு லாக்கை நம்பி வண்டியை விடுபவர்களுக்கு

கேள்வி இதுதான்: வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம். வாசலில் நாலு படி இருப்பதால் ஸ்பிளெண்டரை உள்ளே ஏற்ற முடியாது, ராத்திரி மதிலோரம்தான் நிற்கும். காலையில் இரணியல் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலில் திருவனந்தபுரம் போனால் திரும்ப இரவாகிவிடும். பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி களவு போயிருக்கிறது. என்ன லாக் வாங்கலாம், ஜிபிஎஸ் வைத்தால் போதுமா?

லாக் வாங்கும் முன் வண்டி எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம். மூன்று வழிகள்தான். ஒன்று, தேய்ந்துபோன சாவித்துளையில் வேறு சாவி போட்டுத் திருப்புவது. இரண்டு, சைடு லாக்கை உடைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது. மூன்று, அப்படியே தூக்கி மினி லாரியில் போடுவது. ஸ்பிளெண்டரும் ஆக்டிவாவும் ஏறத்தாழ 110 கிலோதான், இரண்டு ஆள் போதும். ஒரு லாக் ஒரு வழியைத்தான் அடைக்கும். சக்கரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த லாக் போட்டாலும் தூக்குகிறவனை அது தடுக்காது. அசையாத ஒன்றோடு வண்டியைக் கட்டினால்தான் அவன் நிற்பான்.

முதலில் சாவித்துளையைச் சோதியுங்கள், காசு செலவில்லாத வேலை. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது சாவியை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே தகடுகள் தேய்ந்துவிட்டன. நண்பர் வீட்டுப் பழைய வண்டிச் சாவியைப் போட்டும் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் லாக் செட்டையே மாற்ற வேண்டும். இக்னிஷன், பெட்ரோல் டேங்க், பக்கவாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சாவியாக செட்டாகவே கிடைக்கும். கம்பெனி செட் வாங்குங்கள். மலிவான செட்டுகளில் சாவி வகைகள் குறைவு, அதனால் ஒரே சாவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டி திறக்க வாய்ப்பு அதிகம். புதுச் சாவியோடு வரும் எண் தகட்டை சாவிக்கொத்தில் தொங்கவிடாதீர்கள். அந்த எண் கிடைத்தாலே மாற்றுச் சாவி வெட்டிவிடலாம்.

சைடு லாக் என்பது விரல் தடிமன்கூட இல்லாத ஓர் இரும்பு நாக்கு. அது சேஸிஸ் கழுத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் மாட்டும், அவ்வளவுதான். ஹேண்டில் பாரோ நீளமான கடப்பாரை மாதிரி. முனையில் அழுத்தம் கொடுத்தால் நாக்கு வளையும் அல்லது முறியும், பெரிய சத்தமும் வராது. அதற்காகப் போடாமல் விடாதீர்கள், அது முதல் படி. போடும் விதத்தில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி லாக் போட்டு, வண்டியின் வலப்பக்கம் மதிலோடு ஒட்டி, வலது கைப்பிடி கிட்டத்தட்ட சுவரில் முட்டும்படி நிறுத்துங்கள். ஹேண்டில் நேராக வேண்டுமென்றால் அந்தக் கைப்பிடி வெளியே நீண்டாக வேண்டும், சுவர் அதை விடாது. காலை வைத்து உந்தவும் இடம் இருக்காது.

இனி ராத்திரி விஷயம். உங்கள் கேள்வியில் ஜிபிஎஸ்தான் முன்னால் நிற்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை முதலில் தரையில் போடச் சொல்வேன். மதிலோரம் உங்கள் இடம்தானே? அங்கே ஒரு கான்கிரீட் கொக்கி பதியுங்கள்.

ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் குழி போதும். அதற்கு சிமென்ட் சுமார் 15 கிலோ, மணல் அரை கன அடி, ஜல்லி ஒரு கன அடி. அதாவது ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. 16 எம்எம் கம்பியைக் கம்பி கட்டுகிறவரிடம் கொடுத்து யூ வடிவில் வளைத்து வாங்குங்கள். உள் இடைவெளி இரண்டரை அங்குலம் இருக்கட்டும், அதற்குக் குறைவாக வளைத்தால் கம்பி வளைவில் விரிசல் விடும். இரண்டு காலின் நுனியையும் நாலு அங்குலம் வெளிப்பக்கமாக மடக்கினால்தான் இழுத்தாலும் பிடுங்கி வராது. பலர் செய்யும் தவறு, வளையத்தைத் தரைக்கு மேலே நீட்டி விடுவது. சாதாரணக் கட்டடக் கம்பி ஹேக்ஸா பிளேடுக்குக் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் வளையத்தின் தலை தரைமட்டத்துக்குக் கீழே, ஒரு சிறு கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் இருக்கும்படி அமையுங்கள். கான்கிரீட் இறுகும் முன் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை வைத்து எடுத்தால் பள்ளம் வந்துவிடும். பிளேடை முன்னும் பின்னும் இழுக்க அங்கே இடமிருக்காது, நடப்பவர் காலிலும் தட்டாது. பள்ளத்தின் பக்கவாட்டில் அரை அங்குல பிவிசி குழாய் ஒன்று சரிவாக வெளியே போகட்டும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தண்ணீர் தேங்கினால் இரண்டே வருடத்தில் கம்பி துருவில் உரியும். வெளியே தெரியும் பகுதிக்கு ஜிங்க் பிரைமரும் எபாக்ஸி பெயிண்டும் அடியுங்கள். ஏழு நாள் நனைத்த சாக்கு போட்டு வையுங்கள், அதுவரை கட்ட வேண்டாம்.

வாடகை வீடு என்றால் தரையை உடைக்க முடியாது. மதில் தூணிலோ போர்ட்டிகோ தூணிலோ சுற்றிக் கட்டலாம். ஆனால் மின்கம்பத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். மழையில் கம்பத்தில் கசிவு இருந்தால் சங்கிலி வழியாக வண்டி முழுக்க மின்சாரம் வரும், காலையில் தொடுகிறவர் நீங்கள்தான்.

கொக்கி எவ்வளவு பலமோ சங்கிலியும் அவ்வளவு பலம் வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உள்ளவர்கள் படகுக்கு வாங்கும் கால்வனைஸ்டு சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டுவதுண்டு. பார்க்கத் தடியாக இருக்கும், துருவும் ஏறாது, ஆனால் இரும்பு மென்மையானது. நீளக் கைப்பிடி போல்ட் கட்டர் வைத்து அழுத்தினால் போகும். உங்களுக்கு வேண்டியது கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி, குறைந்தது 10 எம்எம் தடிமன். கடையில் ஒரு அரத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணியின் மேல் இழுத்துப் பாருங்கள். அரம் பற்றித் தூள் விழுந்தால் மென்மையான இரும்பு. கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கினால் வாங்கலாம். நீளம் 1.2 மீட்டர் போதும், அதுவே மூன்று கிலோ பக்கம் வரும். ரப்பர் உறை போட்ட கேபிள் லாக்குகளை விட்டுவிடுங்கள். தடிமனில் பாதி பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய கம்பிப் பின்னல்.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். சங்கிலி ஸ்போக்ஸுக்கு நடுவில் மட்டும் போனால் நாலு ஸ்போக்ஸை வெட்டி உருவிவிடலாம். பின் சக்கரத்தின் ரிம்மையும் ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை) சேர்த்துச் சுற்றிக் கொக்கிக்குக் கொண்டுவாருங்கள். முன் சக்கரம் வேண்டாம், ஒரு ஆக்சில் நட்டைக் கழற்றினால் சக்கரம் உங்களிடமும் வண்டி அவனிடமும் இருக்கும். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மற்றதன் மேல் உடம்பு எடையைப் போட்டு அழுத்துவார்கள். தொங்காமல் இறுக்கமாக, தரைக்கு மேலே இருந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அழுத்த வேண்டிவரும், பலம் கிடைக்காது. பூட்டின் வளைவு குட்டையாகவும் தடியாகவும் இருக்கட்டும், சாவித்துளை கீழ்நோக்கி இருக்கட்டும்.

கடற்காற்று அடிக்கும் ஊர்களில் பூட்டு உடைபடுவதைவிட இறுகிப்போவதே அதிகம். இறுகிய பூட்டை மாட்ட சோம்பல் வரும், மாட்டாத அன்றைக்கு வண்டி போகும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். பூட்டுக்கு அது ஆகாது, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மாதம் ஒருமுறை கிராஃபைட் தூளைச் சாவித்துளையில் ஊதிச் சாவியை நாலைந்து முறை திருப்புங்கள். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியில் தேய்த்தும் போடலாம்.

கவர் போட்டால் என்ன வண்டி என்று தெரியாது, அது நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மதியம் எடுத்து விடுங்கள். ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு சில நூறு ரூபாய், கேமராவை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. கேமரா வைப்பதானால் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்காதீர்கள், தொப்பியும் தலையும்தான் பதியும். ஏழெட்டு அடி உயரத்தில், வருகிறவன் முகம் பார்க்கும்படி வையுங்கள். காற்று மழையில் கரண்ட் போகும் ஊர் நம்முடையது, ரவுட்டருக்கும் கேமராவுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் இல்லாவிட்டால் வேண்டிய நேரத்தில் அது கண்ணை மூடியிருக்கும்.

இனி ஸ்டேஷன். மூன்று கிலோ சங்கிலியைத் தினமும் சுமக்க முடியாது, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பகலுக்கு ஒரு யூ லாக் (யூ வடிவ இரும்புப் பூட்டு) வாங்குங்கள். ஸ்பிளெண்டரில் பெரும்பாலும் டிரம் பிரேக், பிரேக் டிஸ்க்கின் துளையில் போடும் டிஸ்க் லாக்கை மாட்ட இடமே கிடையாது. 14 எம்எம் தடியுள்ள யூ லாக்கைப் பின் சக்கரத்தோடும் ஸ்விங் ஆர்மோடும் போட்டால் உருட்டிக்கொண்டு போக முடியாது. தூக்குவதற்கு மாற்று என்ன? தினமும் அதே ரயிலில் வருகிற ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி இதற்கென்று தனியாக வைத்த ஒரே சங்கிலியில் இணைத்தால் இருநூறு கிலோவுக்கு மேல். இதை மிஞ்சிய ஏற்பாடு சாலையோரத்தில் கிடையாது. இருவரிடமும் ஒவ்வொரு சாவி இருக்க வேண்டும், ஒருவர் லீவு போட்ட அன்று மற்றவர் நடந்து போகக் கூடாது.

பல்சர், சில ஸ்கூட்டர்கள் போன்ற முன் டிஸ்க் உள்ளவற்றுக்கு டிஸ்க் லாக் நல்லது. துளைக்குள் போகும் ஊசியின் தடிமன் 10 எம்எம் வகை பாருங்கள், 5 எம்எம் வகையைத் தட்டியே முறிப்பார்கள். அதை மாட்டியது மறந்து வண்டியை எடுப்பதுதான் பெரிய தொல்லை. லாக் சுழன்று வந்து கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) முட்டி, டிஸ்க் கோணி, ஆளும் விழுவார். லாக்கிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு மஞ்சள் சுருள் கம்பி மாட்டுவது கட்டாயம். கேலிப்பருக்கு நெருக்கமாக மாட்டுங்கள், மறந்தாலும் சக்கரம் வேகம் எடுக்கும் முன்பே நின்றுவிடும்.

காசு கொடுத்து டோக்கன் வாங்கும் ஸ்டாண்ட் இருந்தால் அதில்தான் விட வேண்டும். டோக்கனை வண்டியில் செருகி வைக்காதீர்கள், கையில் இருக்கட்டும், போட்டோவும் எடுத்து வையுங்கள். ‘பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பதால் அது வெறும் காகிதம் ஆகிவிடாது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் வண்டியை ஒப்படைத்ததற்கு அதுதான் ஆதாரம். மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், கோட்டாறு சவேரியார் திருவிழா சமயங்களில் தோப்புகளில் திடீர் ஸ்டாண்ட் முளைக்கும். வாசல் ஒன்றா, நாலா என்று பாருங்கள். கயிறு கட்டாத தோப்பில் டோக்கன் கொடுப்பவர் முன்பக்கம் நிற்க, வண்டி பின்பக்கம் போகும்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டோடு வந்து ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போய் மணிக்கணக்கில் திரும்பாத வேலை அது. ரோட்டில் விடாமல் இருபதடி உள்ளே, பாதையிலிருந்து தெரியாத இடத்தில் மரத்தோடு கட்டுங்கள். மரத்துக்குச் சேதம் வராமல் சங்கிலிக்குக் கீழே ஒரு பழைய டியூப் துண்டைச் சுற்றுங்கள். ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிற தூத்தூர் பக்கத்து ஆட்கள் துறைமுகத்திலேயே வண்டியை விடவே கூடாது, யாரையாவது கூட்டிவந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் வழி.

ரகசிய சுவிட்ச் பற்றிப் பலரும் கேட்பார்கள். இக்னிஷன் ஆனாலும் எஞ்சின் பிடிக்காமல் செய்யும் ஒரு சுவிட்சை சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டுப் பெட்டியிலோ வைப்பது. 12 வோல்ட், 10 ஆம்பியர் சுவிட்ச் போதும். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட வேண்டும், இல்லாவிட்டால் மழையில் பாதி வழியில் வண்டி நிற்கும். சில பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இக்னிஷன் ஒயரை எர்த் செய்தால்தான் எஞ்சின் நிற்கும். அவற்றில் ஒரு ஒயரை வெட்டி சுவிட்ச் போட்டால் பலன் தலைகீழாகும், விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டியில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) ஒயரில் கை வைக்கக் கூடாது, ஃப்யூயல் பம்புக்குப் போகும் லைனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரிங்கை வெட்டினால் வாரண்டி போகும். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் ஊருக்குப் போகும்போது ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் திருட்டைத் தடுக்காது, போன பிறகு தேட உதவும். கணக்கைப் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஹவர் தின்னும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டியில் இருப்பது 3 ஆம்பியர் ஹவர் பேட்டரி. மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பாதி காலி, செல்ஃப் பிடிக்காது. தூங்கும் நிலையில் 5 மில்லி ஆம்பியருக்குக் கீழே இழுக்கிற, உள்ளே தனி பேட்டரி உள்ள கருவியாகப் பாருங்கள். 2ஜி கருவி என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவில் 2ஜி கிடையாது. கருவியை ஹெட்லைட்டுக்குள் வைக்காதீர்கள், எல்லோரும் முதலில் தேடும் இடம் அது. சாவிக்கொத்தில் போடும் புளூடூத் டேக் மலிவு, ஆனால் பக்கத்தில் வேறு யார் போனாவது இருந்தால்தான் இடம் காட்டும். பேச்சிப்பாறை மலைப் பக்கம் சிக்னலே இல்லாத இடத்தில் இரண்டுமே ஊமை.

இப்போது சொல்வதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்: இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடமும் தேர்டு பார்ட்டிக்கு ஐந்து வருடமும் போட்டுத் தருவார்கள். இரண்டாம் வருடம் போலீஸ் மடக்கினால் காகிதம் செல்லும், அதனால் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். திருட்டுக்குப் பணம் வருவது சொந்தச் சேதப் பகுதியில்தான், அது முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். இன்றைக்கே பாலிசியை எடுத்து ‘ஓன் டேமேஜ்’ முடியும் தேதியைப் பாருங்கள். அதைத் தனியாகவும் வாங்கலாம். கிடைக்கும் தொகை வண்டி வாங்கிய விலை அல்ல, பாலிசியில் உள்ள ஐடிவி, அதாவது வண்டிக்கு அதில் குறித்திருக்கும் மதிப்பு. மூன்று வருடம் தாண்டினால் 40 சதவீதமும் நாலு வருடம் தாண்டினால் 50 சதவீதமும் தேய்மானம் கழித்துத்தான் அதைப் போடுவார்கள்.

பழைய வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுவதும், கல்ஃபில் இருக்கும் அண்ணன் பெயரிலுள்ள வண்டியைத் தம்பி ஓட்டுவதும் நம் ஊரில் சாதாரணம். ஆர்சி புக்கிலும் பாலிசியிலும் உள்ள பெயருக்குத்தான் பணம் வரும். வாங்கிய வண்டியென்றால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். அசல் ஆர்சியை வண்டியில் வைக்காதீர்கள், கேரள எல்லையான களியக்காவிளையில் மடக்கினால் திருடன் அதைக் காட்டிக் கடந்துவிடுவான். டிஜிலாக்கரில் உள்ளது சட்டப்படி செல்லும். இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கட்டும், க்ளெய்மில் இரண்டு அசல் சாவியையும் கேட்பார்கள். ‘சாவியை வண்டியிலேயே விட்டேன்’ என்பது தெரிந்தால் அலட்சியம் என்று தள்ளிவிட இடம் கிடைக்கும். விற்பனைக்குப் போட்ட வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கி ஓடிவிட்டால் அது திருட்டல்ல, மோசடி என்று தகராறு வரும். ஆகவே டெஸ்ட் டிரைவில் பின்னால் நீங்களும் ஏறுங்கள்.

வண்டி காணவில்லை என்றால் முதலில் யாராவது நகர்த்தி வைத்தார்களா, போக்குவரத்துப் போலீஸ் எடுத்தார்களா என்று பத்து நிமிடம் விசாரியுங்கள். அதற்கு மேல் காத்திருக்காமல் 112-க்கு அழைத்து எண், நிறம், கடைசியாகப் பார்த்த நேரம் சொல்லுங்கள். மாவட்டத்தை விட்டு வெளியேறும் பெரிய வழிகள் களியக்காவிளையும் ஆரல்வாய்மொழியும்தான், முதல் ஒரு மணி நேரத்துக்கு அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். எந்த நிலைய எல்லை என்று சண்டை வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பெற்றதற்கான ரசீது) திரும்பி வராதீர்கள், இன்சூரன்ஸுக்கு எஃப்ஐஆர் வேண்டும், அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் போனில் போட்டோவாக வைத்திருந்தால் அங்கே தடுமாற வேண்டாம். சேஸிஸ் எண் ஹேண்டில் கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும், எஞ்சின் எண் எஞ்சின் அடிப்பகுதியில் இருக்கும்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுத்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும். ஒரு வாரம் கழித்துப் போலீஸ் கேட்டால் கிடைக்காமல் போகலாம், அதனால் முதல் இரண்டு நாளிலேயே நீங்களே நடந்து கடைக்காரரிடம் அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிவிட்டு, எந்தெந்தக் கடை என்று எழுதிப் போலீஸிடம் கொடுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் இறுதி அறிக்கை கொடுத்த பிறகுதான் க்ளெய்ம் முடியும், அதற்கு மாதங்கள் ஆகும். லோன் உள்ள வண்டி என்றால் அதுவரை தவணையை நிறுத்தாமல் கட்டிவர வேண்டும், பணம் வந்தாலும் முதலில் பாக்கியைப் பைனான்ஸ் கம்பெனி எடுத்துக்கொண்டு மிச்சம்தான் உங்களுக்கு.